தொலைந்தால் வெளிச்சவீடு

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, சென்னை மூர் மார்க்கெட்டில் என் தாயைத் தொலைத்தேன்.

அவர் தொலைந்துபோனார் என்று எழுத மாட்டேன். ஏன் என்பது பின்னால் புரியும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளில் சென்னையைக் காட்டிவிடுவது என் ஏற்பாடு. புதுச்சேரி ஆலையில் வேலை இருந்ததால் அப்பா வரவில்லை. வில்லியனூர்த் தேருக்கு அப்பால் எதையும் கண்டறியாத அம்மா, பள்ளியிறுதி வகுப்பில் படிக்கும் தங்கை தனம் — இருவருக்கும் நானே வழிகாட்டி. பஸ் ஏற்றிவிட வந்த அப்பா, "அம்மாவக் கையோட வச்சிக்கடா. மெட்ராசு கும்பல் பொல்லாதது" என்றார்.

"எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். நான் மேடைப் பேச்சாளன்; கூட்டங்களில் உறுதிமொழி தரும் அதே குரலில்!

சனிக்கிழமை குறையில்லை. மறுநாள் மார்க்கெட்டில், அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பற்றித் தெரிந்ததையும் தெரியாததையும் விளக்கிக்கொண்டே முன்னால் நடந்தேன். பின்னாலிருந்து 'ம்... ம்...' என்ற ஒலி விடாமல் வந்தது. பேச்சாளனுக்கு வேறென்ன வேண்டும்? மகிழ்ந்து திரும்பினேன்.

'ம்' கொட்டி வந்தவர், கோழிக்கூடை சுமந்த ஒரு பெரியவர். "ஏன் நிறுத்திட்ட தம்பி? மேல சொல்லு" என்றார்.

அம்மாவைக் காணோம்.

புறாக் கடையில் நின்றிருந்த தனம் என்னைத் தனியாகக் கண்டதும் ஓடிவந்தாள். "அம்மா உங்கூடதான வந்துச்சி?"

அம்மாவின் கையில் காசு இல்லை. எழுத்துத் தெரியாது. நாங்கள் தங்கியிருந்த சிந்தாதிரிப்பேட்டை வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை. நான் கூடவே இருக்கும்போது அவருக்கு அது எதற்கு?

பழைய புத்தகக் கடைகள், பீங்கான் கடைகள், பொம்மைக் கடைகள்... நடை ஓட்டமாயிற்று. அம்மா உடுத்தியிருந்ததைப் போல் பச்சைச் சேலை கண்ட இடமெல்லாம் போய் நின்றேன். திரும்பிய முகமெல்லாம் வேறு முகம். வெயிலும் சாயத் தொடங்கியது.

கற்ற கலை ஆபத்தில் கைகொடுக்காதா? வெளிவாசலில் கிடந்த பெஞ்சின் மேல் ஏறினேன். "பெருமக்களே! பேரன்பு கொண்ட சென்னை மாநகரத்தாரே! அன்னையைப் பிரிந்து அலமரும் மைந்தன் நான்..." என்று எடுத்த எடுப்பிலேயே குரலை உயர்த்தினேன்.

கூட்டம் சேர்ந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு விரைவாகச் சேர்ந்த கூட்டம் வேறில்லை. முன்வரிசையில் நின்ற ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "இன்னா விக்கிறான் நைனா? தைலமா, லேகியமா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

தனம் என் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தாள். "எறங்குண்ணா. நீ கும்பல் சேத்தா அம்மா எப்பிடித் தெரியும்?"

இறங்கினேன்.

"அம்மா வெளிச்சவீட்டாண்ட போயிருக்கும்" என்றாள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு, அம்மா வகுத்தது. மாசிமகக் கூட்டத்தில் கை நழுவிப்போனால் யாரும் யாரையும் தேடக் கூடாது. கடற்கரை வெளிச்சவீட்டின் — கலங்கரை விளக்கத்தின் — அடியில் போய் நிற்க வேண்டும்.

"அது புதுச்சேரி" என்று மறுத்தேன். "அங்கே கிழக்கே நடந்தால் கடல், கடலோரம் வெளிச்சவீடு. இங்கே வெளிச்சவீடு ஐகோர்ட்டின் தலைமேல் இருக்கிறது. அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?"

"கேட்டாத் தெரியும். நீதான் யாரையும் கேக்க மாட்ட."

"நாம் போன பிறகு அம்மா இங்கே வந்து நின்றால்?"

விவாதத்தில் வென்றேன். வென்று, அதே வாசலில் நின்றேன். கடைகளில் விளக்கேற்றத் தொடங்கினார்கள். அம்மா வரவில்லை.

"நீ இங்கயே நில்லு, நான் போறேன்" என்று தனம் கிளம்பினாள். இன்னொருத்தியையும் தொலைப்பதா? ரிக்‌ஷாவைக் கைதட்டி அழைத்தேன். பூக்கடை நெரிசலில் வண்டி ஊர்ந்தது. அங்கும் இல்லையென்றால்? அப்பாவின் முன் எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஐகோர்ட் கோபுரத்தில் விளக்குச் சுழன்றுகொண்டிருந்தது. ஞாயிறாதலால் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. அதன் அருகே, சுவரில் சாயாமல், பச்சைச் சேலையில் ஓர் உருவம்.

"எம்மாம் நேரண்டா நிக்கிறது?" என்றார் அம்மா. "வெளக்கே ஏத்திட்டாங்க."

தனம் அவரைக் கட்டிக்கொண்டாள். "எப்பிடிம்மா வந்த?" என்றேன்.

"கடலு கெழக்கதான? நெழலு முன்னால போச்சி, பின்னாலயே வந்தேன். பூக்கடையாண்ட ஒரு பொம்பளையக் கேட்டேன், கையக் காட்டிச்சி."

"மார்க்கெட் வாசலிலேயே நின்றிருக்கலாமே?"

"நிக்கலாம்னுதான் பாத்தேன். பாசிமணி பாத்துட்டு வெளிய வந்தா, எவனோ மருந்து விக்கிறவன் பெஞ்சு மேல ஏறிக் கத்திக்கினு இருக்கான். ஒரே கும்பலு. அதுல உங்கள எங்கன்னு தேடறது?"

தனம் என்னைப் பார்த்தாள். நல்ல பிள்ளை, வாயைத் திறக்கவில்லை.

'அன்னையே' என்றால் ஊர் திரும்பும். 'எம்மா' என்றால்தான் அம்மா திரும்புவார்.