போட்டது நான், எடுத்தது அவள்

ராயபுரத்தில் என் முகம் ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக நின்ற காலம் ஒன்று உண்டு. கட்சிக்காரர்களுக்கும் காதுகுத்துக் குழந்தைகளுக்கும் கண்ணீர் அஞ்சலிக்காரர்களுக்கும் மட்டுமே கிடைக்கிற பாக்கியம், பத்து வயதிலேயே எனக்குக் கிடைத்தது. ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை என்பதுதான் வருத்தம். ஏன் நிலைக்கவில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்ததாகச் சொன்ன பெரியவர்களுக்கும் புரிந்திருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டித் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஒரே வீடுதான், நடுவில் தடுப்பு. ஒரு பக்கம் அப்பா, அம்மா, நான். மறுபக்கம் அம்மாவின் அண்ணனான மாமா, அத்தை, அவர்களுடைய மகள். அவளுக்கு என்னைவிட ஒரு வயது கூட. அத்தையைப் போல நல்ல சிவப்பு. வெளுத்த தோலுக்கு எங்கள் பக்கம் சிவப்பு என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை. நான் அம்மாவைப் போல. அதனால் என் பெயர் கருப்பி.

அது திட்டு இல்லை, செல்லப் பெயர். வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் வாய்நிறைய அப்படித்தான் கூப்பிட்டார்கள். திட்ட வேண்டும் என்றால் மட்டும் பள்ளிக்கூடத்துப் பெயரை முழுசாகச் சொல்வார்கள். அந்தப் பெயர் காதில் விழுந்தாலே என்ன உடைத்தோம், எதைக் கொட்டினோம் என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

வெளியே கிளம்பும்போது மாமா மகள் கன்னத்தில் அத்தை மைப்பொட்டு வைப்பாள். கண் பட்டுவிடக்கூடாதாம். எனக்கு யாரும் வைத்ததில்லை. ஒருமுறை கன்னத்தை நீட்டிக் கேட்டேன். "நீயே ஒரு திருஷ்டிப் பொட்டு, உனுக்கு இன்னாத்துக்குடி பொட்டு" என்று அத்தை சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். நல்ல நகைச்சுவை போலிருக்கிறது என்று நானும் சிரித்துவைத்தேன்.

மாமா அப்போது கப்பல்காரர்களின் அழுக்குத் துணியை வாங்கி வெளுத்துக்கொடுக்கிற தொழில் செய்துவந்தார். மொபெட்டில் ஹார்பருக்குப் போய் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார். அப்படிப் பழக்கமானவர்தான் அந்தக் கப்பல் அங்கிள். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாடு, கப்பலில் சமையல். ஏதோ பழுது என்று அவருடைய கப்பல் மாதக்கணக்கில் இங்கேயே கிடந்தது. மாமாவும் அவரும் தோஸ்து ஆகிவிட்டார்கள். மாமாவுக்கு ஹார்பர் இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். அதற்கு மேல் போகிற பேச்சையெல்லாம் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த மாமா மகள் மொழிபெயர்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். தெருப் பிள்ளைகள் ஊர்வலமாகப் பின்னால் வருவார்கள். "கருப்பி, உன் சொந்தக்காரரு வந்துகினு கீறாரு பாரு" என்று பக்கத்து வீட்டில் குரல் கொடுப்பார்கள். அவர் எல்லோருக்கும் கைகாட்டிக்கொண்டே உள்ளே வந்து, முதலில் என்னைத்தான் தேடுவார். எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டு, அவரும் கருப்பி என்றே கூப்பிடுவார். நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சோற்றைப் பிசைகிற அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்துப் பார்ப்பேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் பக்கத்தில் நான் சிவப்பாக இருந்தேன். அதனாலேயே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருடம் மாமா ராயபுரத்தில் சொந்தமாக லாண்டரிக் கடை போட்டார். பெரிய வாஷிங் மிஷின் ஒன்று வந்து இறங்கியது. கடைக்கு ஒரு பேனர் வேண்டும், பார்த்தவன் மறக்கக் கூடாது என்று யோசித்து யோசித்து மாமாவே ஒரு விளம்பரம் கண்டுபிடித்தார். நடுவில் மிஷின். இடது பக்கம் அழுக்குச் சட்டை போட்ட நான், மேலே "போடும்போது இப்படி!" வலது பக்கம் வெள்ளைக் கவுன் போட்ட மாமா மகள், மேலே "எடுக்கும்போது இப்படி!"

எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. பள்ளி ஆண்டுவிழா நடனத்தில் எப்போதும் என்னைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். உயரம் என்று டீச்சர் காரணம் சொல்வார். என்னைவிட உயரமானவள் முன்வரிசையில் நிற்பாள். அப்படிப்பட்ட என்னை மாமா தானாகவே தேர்ந்தெடுத்திருந்தார். படம் எடுக்கிற அன்று சட்டையில் டீயும் சேறும் பூசினார்கள். முகத்திலும் கொஞ்சம் கரி தடவலாமா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். "மூஞ்சிக்கு ஒண்ணும் வாணாம்பா, இதுவே போதும்" என்றார் மாமா. என் முகத்துக்கு மேக்கப்பே தேவையில்லை என்று ஒருவர் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது.

பேனர் வந்தபோது நான் இன்னும் கொஞ்சம் கருத்திருந்தேன், அவள் இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தாள். வித்தியாசம் எடுப்பாகத் தெரியட்டும் என்று கம்ப்யூட்டரில் செய்தார்களாம். இருந்தால் என்ன, அது நான்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பேனருக்குக் கீழே போய் நின்றுகொள்வேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பேனரையும் என்னையும் மாறிமாறிப் பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். பிரபலமானவர்களைப் பார்த்தால் ஜனங்கள் சிரிக்கத்தானே செய்வார்கள்.

கப்பல் அங்கிள் துணிப்பையோடு வந்த அன்றும் அங்கேதான் நின்றிருந்தேன். தெருவின் அந்தப் பக்கமே அவர் நின்றுவிட்டார். பையைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேனரைப் பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் வந்து, படத்தைக் காட்டி, இது நீயா என்று இங்கிலீஷில் கேட்டார். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். "யெஸ்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் முகம் மாறிப்போனது.

மாமாவிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். பேனர் நன்றாக இல்லை என்கிறார் என்றாள் மாமா மகள். மாமா பதறிப்போய் நிமிர்ந்து பார்த்தார். மிஷின் சின்னதாகத் தெரிகிறதா என்று கேட்டார், எழுத்துப் பிழையா என்று கேட்டார். அதெல்லாம் இல்லையாம். கருப்பாக இருப்பதை அழுக்கு என்று காட்டுகிறோமாம். அவள் மொழிபெயர்த்து முடித்ததும் மாமாவின் கை வியர்வை துடைக்க இடுப்புத் துண்டைத் தேடியது. நல்ல மனிதர் அவர், ஒருவரையும் நோகடித்தறியாதவர்.

"ஐய, அவர எங்க சொன்னோம்? நம்ம வூட்டுப் புள்ளயத்தான போட்டுக்கீறோம். சொல்லுமா அவராண்ட."

அவள் சொன்னாள். அதைக் கேட்டால் சமாதானம் ஆகிவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவரோ கன்னத்தில் அறை வாங்கியவர் மாதிரி நின்றார். பிறகு என்னைப் பார்த்தபடி, எல்லோரும் என்னைக் கூப்பிடுகிற பெயருக்கு என்ன அர்த்தம் என்று அவளிடம் கேட்டார். அவள் சந்தோஷமாக அர்த்தம் சொன்னாள். அவர் துணிப்பையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கோபம் என்றால் துணியை எடுத்துக்கொண்டல்லவா போயிருக்க வேண்டும்? வெளுக்கக் கொடுத்துவிட்டுப் போனால் அது என்ன கோபம் என்று மாமாவுக்குத் தலை சுற்றியது.

அன்று வீட்டில் அதே பேச்சுதான். அவர்கள் நாட்டில் கருப்பு என்றே சொல்லக்கூடாது போலிருக்கிறது என்றார் அப்பா. நாம் சாமிக்கே அந்தப் பேரை வைத்துக் கும்பிடுகிறோமே என்றார் மாமா. எல்லோருடைய கண்ணும் பேனர் மேல்தான் இருந்தது, அதுதான் கண் பட்டுவிட்டது என்றாள் அத்தை. கடைசியில், வீட்டில் கைநனைத்த மனிதர் மனம் நோகக்கூடாது என்று மாமா ஒரு முடிவுக்கு வந்தார். காலையில் ஏணி போட்டு ஏறி, பிளேடால் என் பாதியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டார்.

நான் அழுத அழுகையில் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் என்ன ஏது என்று கேட்டார்கள். "உன்ன யாரு இன்னா சொன்னாங்கோ? அவருக்குத்தான் கஷ்டமாப்போச்சி, நீ ஏன்டி அழுவுற" என்றார் மாமா. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. கப்பல் அங்கிள் மேல்தான். என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு என்னையே இறக்கிவிட்டாரே என்று இருந்தது. ஒரு பக்கம் மொட்டையாகத் தெரிகிறது என்று நான் இருந்த இடத்தில் மாமா ஒரு திருஷ்டிப் பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டார். அதற்கும் கரிய முகம்தான் வரைந்திருந்தது. அறுத்த பாதி எங்கள் பக்கத்துக் கூரை ஒழுகலுக்குப் பயன்பட்டது. படம் மேல்பக்கம் இருக்கும்படி போடச்சொல்லி அப்பாவிடம் அழுது அடம்பிடித்தேன். ரயில்வே மேம்பாலத்தில் ஏறிப் பார்த்தால் ஓட்டின் மேல் நான் மல்லாந்து படுத்திருப்பேன். வானத்தைப் பார்த்து "போடும்போது இப்படி!" என்று.

இந்த அமர்க்களத்தில் எனக்கு ஒரே ஒரு லாபம். அத்தை சொன்னதை அம்மா பிடித்துக்கொண்டாள். பேனரில் இருந்தது என் பிள்ளையும்தானே, அவள்மேலும் கண் பட்டிருக்கும் என்று, மறுநாளிலிருந்து என் கன்னத்திலும் மைப்பொட்டு வைக்க ஆரம்பித்தாள். தெரிய வேண்டும் என்பதற்காக எனக்குக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள். என்மேலும் கண் படும் என்பது எவ்வளவு பெரிய விஷயம். கையால்கூடத் தொடாமல் அதை நாளெல்லாம் காப்பாற்றினேன்.

கப்பல் கிளம்புகிறது என்று அங்கிள் துணி வாங்க வந்தார். மாமா சிரித்த முகமாக அவரைக் கைபிடித்து அழைத்துவந்து, எப்படி, சரிசெய்துவிட்டேன் பார் என்று பேனரைக் காட்டினார். சிவந்த முகம் ஒன்றும் பூசணிக்காய் ஒன்றும் அங்கே இருந்தன. அவர் பேனரிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுக் கடைக்குள் பார்த்தார். கடைக்குள் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து எனக்கு முன்னால் முட்டிபோட்டார். என் கன்னத்தைப் பார்த்தார். நாங்கள் வெளுத்துக்கொடுத்த கைக்குட்டையை மடிப்புக் கலைத்து எடுத்து, என் பொட்டைத் துடைத்தார்.

மை சுலபத்தில் போகாது. துடைக்கத் துடைக்க அது கன்னமெல்லாம் பரவியது. அவர் மறுபடியும் மறுபடியும் துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் வீறிட்டுவிட்டேன். முதலில் பேனர், இப்போது பொட்டு, எனக்குக் கிடைக்கிற எதையும் இந்த ஆள் விடமாட்டார் போலிருக்கிறதே என்று.

மாமா மகள் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னாள். அது அழுக்கு இல்லை, அழகான பிள்ளைகளுக்கு வைப்பது என்று தன் கன்னத்தைக் காட்டினாள். அவர் அவள் பொட்டைப் பார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார். கைக்குட்டையைப் பார்த்தார். அதே மொழிபெயர்ப்பாளர் மூலமாக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் வைத்துவிடச் சொன்னார்.

அம்மா என் கன்னத்தைக் கழுவி, பையிலிருந்து மை டப்பாவை எடுத்தாள். "கருப்பிக்கே கருப்பு மை, அதுக்கு இந்தப் பாடு" என்று அத்தை பக்கத்திலிருந்து சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. என் முகவாயைப் பிடித்து நிமிர்த்திப் பொட்டை வைத்தாள்.

அவர் போனை எடுத்து, என்னை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அம்மாவைக் கேட்கவில்லை, மாமாவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். சரி என்று தலையை ஆட்டினேன். போனை நீட்டிப் பிடித்துக்கொண்டே, இவள் நிஜப்பெயர் என்ன என்றார்.

அம்மா என் பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொன்னாள். முழுசாக, நிறுத்தி நிதானமாக, தெருவுக்கே கேட்கும்படி.

அவர் ஒருமுறை தட்டுத்தடுமாறி அதைத் திருப்பிச் சொன்னார். சரியாக வரவில்லை என்று அம்மா மறுபடியும் சொல்லிக்கொடுத்தாள். அவரும் மறுபடியும் சொன்னார். ஆளாளுக்கு அந்தப் பெயரைச் சொல்லச் சொல்ல, என்ன உடைத்தோம், எதைக் கொட்டினோம் என்று ஒன்றொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் அகப்படவில்லை.

அந்தப் படம் இப்போது எந்த நாட்டில், எந்தப் போனில் இருக்கிறதோ, இல்லையோ. இருந்தால் அதில், கன்னத்தில் பெரிய மைப்பொட்டோடு, திட்டு வாங்கப்போகிற முகத்தோடு ஒரு பெண் நிற்பாள்.