ஆறரை பஸ்ஸுக்கு ஒரு மெழுகுதிரி

அடுப்படியில் அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள், நான் இருந்தேன். பக்கத்துக் காம்பரா அத்தையும் இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மெழுகு நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள், ஆனால் போகவில்லை. அப்பா மட்டும் இல்லை. சித்திரை வருஷப் பிறப்பு முடிந்த கையோடு வவுனியாவுக்குக் காடு வெட்டப் போனவர், தீபாவளிக்கும் வரவில்லை. கார்த்திகைக்குக் கட்டாயம் வருகிறேன் என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மெழுகு முழுவதும் அவருக்காகத்தான் உருகிக்கொண்டிருந்தது.

உக்குவளைக்கு மேலே மலையில் இருந்தது எங்கள் தோட்டம். அறை அறையாக நீளும் லயத்தில் ஒரு காம்பரா எங்களுடையது. ஒரு றாத்தல் பாண் ரொட்டிக்கு விடியுமுன்னே போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்த காலம் அது. தோட்டத்தில் வேலை நாட்கள் குறைந்துவிட்டன. ஆம்பிளைகள் பலர் வடக்கே போனார்கள். விளக்குக்கு லாம்பெண்ணெய் கிடைத்தால் கிடைத்தது. கிடைக்காத வாரம் அடுப்பு வெளிச்சத்தில் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெயில் கார்த்திகை விளக்கு ஏற்றுவதெல்லாம் கங்காணி வீட்டோடு சரி.

என் கவலை வேறு. பஸ் ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு ஏறிவரும் குறுக்குப் பாதை கொக்கோ மரங்களுக்குள்ளால் வருகிறது. ஆறு மணிக்கே அங்கே கண் தெரியாது. ஐப்பசி மழையில் நடுவளைவில் பாதை பாதி இடிந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. இது அப்பாவுக்குத் தெரியாது. அவர் போனபோது பாதை முழுதாக இருந்தது. மாத்தளையிலிருந்து கடைசியாக வருவது ஆறரை பஸ். அதில் இறங்கி, பழைய நினைப்பிலேயே விறுவிறுவென்று ஏறிவந்து, அந்த இடத்தில் காலை வைத்தாரென்றால்? பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதும் எனக்கு இதே நினைப்பு. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அக்காவைப் பார்த்தாள்.

அக்கா அப்போது மாத்தளை டவுனில் பத்திக் சேலை செய்யும் ஒரு நோனா அம்மாவிடம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். துணியில் மெழுகால் பூ வரைந்து, சாயத்தில் முக்கி, பிறகு கொதிதண்ணீரில் போட்டு மெழுகைக் கழற்றுவார்கள். சீகிரியா பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் அதை வாங்கிப் போவார்களாம். கொதிதண்ணீரில் மிதக்கும் மெழுகை வழித்து மறுபடியும் பாவிப்பார்கள். அடியில் தங்கும் அழுக்கு மெழுகைப் பின்பக்கத்துச் சாக்கடைக் கானில் கொட்டிவிடுவார்கள். அக்கா அந்த அழுக்கைக் கேட்டாள். நோனா சிரித்துவிட்டு, எடுத்துக்கொண்டு போ என்றாளாம்.

இப்படித்தான் கருநீலமும் மண்நிறக் கபிலமுமாக ஒரு கட்டி மெழுகு, பழைய பத்திரிகையில் சுற்றி எங்கள் காம்பராவுக்கு வந்து சேர்ந்தது.

நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே மெழுகுதிரி எப்படிச் செய்வது என்று என்னைத்தான் கேட்டார்கள். என் வாசிப்புப் புத்தகத்தில் மெழுகுதிரிப் படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து, நடுவில் திரி வேண்டும், சுற்றிலும் மெழுகு வேண்டும், நேராக நிற்க வேண்டும் என்று விளக்கினேன். மூன்றும் உண்மைதான். அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அச்சுக்குப் பப்பாசி இலைக் காம்பு என்று அக்காதான் கண்டுபிடித்தாள். உள்ளே துளையாக, நீளமாக, காசு கொடுக்காமல் கிடைக்கிற சாமான். அடித்துளையைக் களிமண்ணால் அடைத்து, வாளியில் நிரப்பிய ஈர மணலில் வரிசையாகக் குத்தி நிறுத்தினோம். திரிக்குத்தான் வழியில்லை. நூல் வாங்கலாம் என்றாள் அக்கா. அம்மா தகரப் பெட்டியைத் திறந்து, அப்பாவின் வேட்டியை எடுத்து, கரையைப் பல்லால் கடித்து, சர்ரென்று நீளமாகக் கிழித்தாள்.

அக்கா பதறிவிட்டாள். "அம்மா! அப்பா வந்தா எதைக் கட்டுவாரு?"

"வர்றவரு புதுசு வாங்கிக் கட்டிக்கிட்டு வருவாரு. நீ திரியை முறுக்கு."

எனக்கு அந்தக் கிழியும் சத்தம் பிடித்திருந்தது. நானும் ஒரு முழம் கிழித்துப் பார்த்தேன்.

பால்மா டின்னில் மெழுகைப் போட்டு அடுப்பில் வைத்தோம். சாயத் தண்ணீரில் கிடந்த மெழுகு அல்லவா, உள்ளுக்குள் ஈரம் இருந்திருக்கிறது. உருகத் தொடங்கியதும் படபடவென்று வெடித்தது. ஒரு துளி அக்காவின் மணிக்கட்டில் விழுந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் "ஸ்ஸ்" என்று கையை உதறினாளே தவிர டின்னை விடவில்லை.

வாசலில் நின்ற அத்தைக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்னாடி இது, கார்த்திகைக்கு மெழுகுவத்தியா? எப்ப வேதத்துக்கு மாறினீங்க? சொல்லியிருந்தா நானும் ஒரு செலுவை கொண்டாந்திருப்பேனே."

அக்கா சிரித்தாள். அம்மாவுக்கு அது தைத்துவிட்டது. மெழுகு வேதக்காரர் கோயிலுக்கு ஏற்றுவது, கார்த்திகைக்கு எண்ணெய்தான் என்பது அம்மாவுக்கும் தெரியாதா? பிறகு சாமி மாடத்துக்குப் போய், அங்கே சின்னப் போத்தலில் மிச்சமிருந்த நல்லெண்ணெயை எடுத்து வந்தாள்.

"சாமிக்குன்னு ஒரு சொட்டு விட்டா இதுவும் வெளக்குத்தான்," என்று மெழுகுக்குள் ஊற்றினாள்.

ஒரு சொட்டு என்றுதான் சொன்னாள். ஆனால் ஊற்றும்போது கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டே ஊற்றினாள். அம்மாவுக்கு அன்றைக்குக் கேட்க நிறைய இருந்திருக்க வேண்டும்; கும்பிட்டு முடிந்தபோது போத்தல் காலி.

படித்தவன் என்ற முறையில் என்னிடம் திரும்பி, "செய்யலாந்தானேடா?" என்றாள். செய்யலாம் என்றேன்.

மறுநாள் காம்புகளைக் கத்தியால் கீறி உரித்தோம். நீலமும் கபிலமுமாக வரிவரியாக, பாம்புச் சட்டை போட்ட மாதிரி மெழுகுதிரிகள். படத்தில் இருந்ததை விட அழகாகத்தான் எனக்குத் தெரிந்தன. தொட்டால் மட்டும் விரல் உள்ளே போனது.

கார்த்திகையன்று பகல் முழுவதும் மழை. பொழுது சாயும்போது விட்டது. நானும் அக்காவும் பாதையில் திருப்பத்துக்குத் திருப்பம் கல் வைத்து, கல்லின் மேல் மெழுகுதிரி வைத்து, காற்றுக்கு ஒரு பக்கம் தகரத்தைச் சாய்த்துக் கொடுத்தோம். இடிந்த இடத்தில் மட்டும் நான் கூடுதலாக வைத்தேன். எல்லாம் பற்றின. கரும்புகையைக் கக்கிக்கொண்டு, குங்கிலியம் கருகிய மாதிரி நாறிக்கொண்டு, என்றாலும் பற்றின. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து பார்த்தார்கள். அம்மா வாசல் இஸ்தோப்பில் நின்றாள். நல்ல சேலை கட்டி, தலை வாரி, பூ வைத்திருந்தாள். அவள் அப்படி நின்று பார்த்து எவ்வளவு நாளாகியிருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அப்பா வரும் நாளில் அம்மாக்கள் அப்படித்தானே நிற்பார்கள்.

ஆனால் எண்ணெய் அதன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. திரியின் சூடு இறங்க இறங்க, ஒவ்வொரு மெழுகுதிரியாக இடுப்பு தளர்ந்து, மெதுவாக முன்னுக்கு வளைந்தது. அணையவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எரிந்தன. நான் ஓடி ஓடி ஒன்றை நிமிர்த்த, மற்றது குனியும்.

அந்த நேரத்தில்தான் கீழே பஸ் நிற்கும் சத்தம் கேட்டது.

ஒரு ஆள் இறங்கியது தெரிந்தது. தோளில் ஒரு பை. வெளிச்சம் விட்டு வெளிச்சம் தாண்டி ஏறி வந்தார். இடிந்த இடத்தில் நின்று பார்த்து, ஒதுங்கிக் கால் வைத்து வந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கிட்டே போன பிறகுதான், அது அப்பாவோடு வவுனியாவுக்குப் போன சித்தப்பா என்று தெரிந்தது. சொந்தச் சித்தப்பா அல்ல, மேல் லயத்துக்காரர். முறை வைத்துக் கூப்பிடுவது.

"என்னா அண்ணி, சிங்களவங்க வெசாக் மாதிரி வழியெல்லாம் வெளிச்சம்?" என்று கேட்டுக்கொண்டே இஸ்தோப்புக்கு வந்தார்.

அம்மா அவருக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். "அவரு?"

"அண்ணே இந்த முறை வரல்ல அண்ணி. உளுந்து போட்டிருக்கு, மொளகாய்க் கண்டு வச்சிருக்கு. போட்டுட்டு வர ஏலாது. இந்தா, ஒங்களுக்குன்னு உளுந்து குடுத்து விட்டாரு."

அம்மா பையை வாங்கவில்லை. "ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"சே, நல்லா இருக்காரு. சதை போட்டிருக்காரு இப்ப."

"சோறு யாரு ஆக்கிப் போடுறா?"

சித்தப்பா பையைக் கீழே வைத்தார். நிமிர்ந்து பாதைப் பக்கம் திரும்பினார். "ஏன்டா தம்பி," என்று என்னைக் கூப்பிட்டார், "ஒங்க மெழுகுவத்தி எல்லாம் பெரட்டுக் களத்துக்குத் தொரை வந்த மாதிரி குனிஞ்சிக்கிட்டு நிக்குது?"

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் துரையைக் கண்டால் எல்லோரும் அப்படித்தான் குனிவார்கள். லயமே சிரித்தது. எல்லோரையும் விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அம்மா அந்தக் கேள்வியை இரண்டாந்தரம் கேட்கவில்லை. "கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வவுனியாவில் அப்பாவுக்கு வேறொரு வீடும், சோறாக்கிப் போட ஒரு பெண்ணும் ஆகிவிட்டிருந்தது என்பதை, நான் பெரிய வகுப்புக்குப் போன பிறகு, அதுவும் வெளியாள் சொல்லித்தான் அறிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த உளுந்தில் அம்மா வடை சுடவில்லை, பையோடு தூக்கிப் பக்கத்துக் காம்பரா அத்தைக்குக் கொடுத்துவிட்டாள் என்பது மட்டுமே. அதற்காக நான் இரண்டு நாள் அம்மாவோடு கோபம்.

சித்தப்பா திரும்பப் போகும்போது அவருடைய சாரத்தைப் பிடித்துக்கொண்டு, அப்பா எப்போது வருவார் என்று கேட்டேன். நல்ல மனிதர். என் தலையைத் தடவி, "வருவாருடா. ஒருநாளைக்கு இதே பஸ்ஸுல வந்து எறங்குவாரு பாரு," என்றார்.

இதே பஸ் என்றால் ஆறரை பஸ். ஒருநாள் என்றால் எந்த நாளும் ஆகலாம். மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு அது சரியாகவே வந்தது. ஆகவே தினமும் பொழுது சாய்ந்ததும், இடிந்த இடத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். பஸ் வந்து, நின்று, போகும்வரை பக்கத்தில் குந்திக்கொண்டிருப்பேன். யாராவது இறங்கினால் எழுந்து நிற்பேன். பஸ் போனதும் ஊதி அணைத்து, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவேன். அம்மா ஏன் என்று கேட்டதில்லை, வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. "மழை வருது, சாக்கைப் போட்டுக்கிட்டுப் போ," என்பாள். அவ்வளவுதான்.

குனிந்த மெழுகுதிரிகள் சீக்கிரமே முடிந்துவிட்டன. அக்காவிடம் சொன்னேன். அடுத்த வாரம் அவள் இன்னொரு கட்டி கொண்டுவந்தாள். இந்த முறை அழுக்கில்லாத, வெளிர்மஞ்சள் மெழுகு. ஞாயிற்றுக்கிழமை தனியாகவே உட்கார்ந்து வார்த்தாள். எண்ணெய் இல்லை. நேராக நின்றன. முடிந்தபோது மறுபடியும் கேட்டேன், மறுபடியும் வந்தது. அந்த நோனா எவ்வளவு நல்லவள் என்று நான் நினைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் 'எனக்குப் பிடித்தவர்' என்று எழுதச் சொன்னபோது, நான் கண்ணாலும் பார்த்திராத அந்த நோனாவைப் பற்றித்தான் எழுதினேன்.

பாதையைத் தோட்டத்தார் கல் வைத்துக் கட்டிக்கொடுத்த பிறகும் ஏற்றினேன். ஐந்தாம் வகுப்பு முடித்து உக்குவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். பின்னேர வகுப்பு இருக்கும் நாளில் அதே ஆறரை பஸ்ஸில் நானே வந்து இறங்குவேன். பசியோடு ஏறிவந்து சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் ஏற்ற மறந்தேன். மறுநாளும் மறந்தேன். அதன்பிறகு மெழுகு கேட்கவில்லை. யாரும் எனக்கு நினைவுபடுத்தவும் இல்லை.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கரண்ட் போய்விட்டது. அவளுடைய மகள் கடையில் வாங்கிய மெழுகுதிரியைக் கொளுத்திக் கொண்டுவந்து வைத்தாள். நான் பழைய கதையை எடுத்தேன். அந்தக் காலத்தில் அந்த நோனா எவ்வளவு மெழுகைச் சும்மா கொடுத்தாள் என்று சொன்னேன்.

அக்கா சிரித்தாள். "சும்மா குடுத்தது அந்த மொதக் கட்டி மட்டுந்தான்டா. கானுல கொட்டுறது. பெறகு கொண்டாந்தது நல்ல மெழுகு. சம்பளத்துல புடிச்சிக்கிட்டுத்தான் குடுத்தாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"அம்மாதானே சொன்னா. அவனா நிப்பாட்டுற வரைக்கும் கொண்டாந்து குடு, நாம நிப்பாட்ட வேணாம்னு."

மொத்தம் எவ்வளவு பிடித்திருப்பார்கள் என்று கேட்டேன். படித்தவன், உத்தியோகம் பார்க்கிறவன், என்றைக்கோ கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று நினைத்துக் கேட்டேனோ என்னவோ. அக்கா யோசிக்கவே இல்லை.

"நாப்பத்தி ஒரு ரூவா," என்றாள்.