காந்தம் ஒட்டிய கதவு

தங்கையனுக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம். கரமனையில் அவனுடைய டிங்கர் ஷெட்டில் சுத்தியல் சத்தம் நின்றால், உள்ளே யாரோ ஏச்சு வாங்குகிறார்கள் என்று ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அடிபட்ட காரின் ஒடுக்கு எடுக்க வேண்டுமென்றால் அவனிடம்தான் வரவேண்டும். மற்றவர்கள் பள்ளத்தில் பட்டிப் பசையையும் ஈயத்தையும் அப்பி, மேலே பெயின்ட் அடித்து அனுப்புவார்கள்; அதில் காந்தம் ஒட்டாது. தங்கையன் தட்டியே எடுப்பான், தகரம் அழுகியிருந்தால் புதுத் தகரம் வெட்டி வெல்டு வைப்பான். ஷெட் வாசலில் ஒரு காந்தம் தொங்கும். வேலை முடிந்ததும் அதை வண்டிக்காரர் கையில் கொடுப்பான்.

"வச்சுப் பாரும் வே. ஒட்டலேன்னா இந்தத் தங்கையன் பேரை மாத்திக் கூப்பிடும்."

இருபது வருஷமாக அந்தக் காந்தம் அவனைக் கைவிட்டதில்லை.

எண்பத்தாறாம் வருஷம் ரத்னாபாய் வந்து நின்றாள். விழிஞ்ஞத்துக்காரி. புருஷன் போன பிறகு அவளுக்கு மிச்சம் ஒரு அம்பாசிடர் டாக்ஸிதான். தம்பி ஓட்டுவான். அது ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். கடல் காற்றில் வருஷா வருஷம் கதவின் அடிப்பக்கம் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இந்தத் தடவ பெயின்ட் வேண்டாம். பாப்பனங்கோட்டுல கட்டிலுக்குப் பவுடர் கோட்டிங் போடுறாங்கல்லே? ஆஸ்பத்திரிக் கட்டிலப் பாத்தேன். எத்தன தண்ணி ஊத்திக் கழுவினாலும் துருவே இல்ல. நாலு கதவயும் கழத்தித் தாங்க, கொண்டுபோறேன்."

தங்கையன் சுத்தியலைக் கீழே போட்டான்.

"கார் என்ன கட்டிலா? பவுடரத் தூவி அடுப்புல வச்சுச் சுடுவானாம்! எரநூறு டிகிரி! ஒனக்குக் கதவு வேணுமா, அப்பளம் வேணுமா?"

"எதுக்கு இந்தத் துள்ளல்? எல்லாரும் பவுடருக்குப் போயிட்டா ஒங்க பாடு திண்டாட்டம்னு பயம், அல்லே?"

அந்த ஒரு பேச்சு அவனைச் சுட்டுவிட்டது. பயமா? தங்கையனுக்கா? எந்தப் பவுடர் வந்தாலும் ஒடுக்கு எடுக்க ஆள் வேண்டாமா? ஆத்திரத்தில் ஸ்பேனரை எடுத்து நாலு கதவையும் அரை மணியில் கழற்றி அவள் முன்னால் வைத்தான். "கொண்டுபோ. வெந்து வரட்டும்" என்றான். போகிறபோது அவள் வாசலில் தொங்கிய காந்தத்தையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கட்டில்காரனுக்குக் காட்டவாம்.

கதவுகளோடு வண்டி திருப்பம் தாண்டியதும்தான் தங்கையனுக்கு அந்த முன்கதவு நினைவுக்கு வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் ஓண நேரம். இடதுபக்க முன்கதவு இடிபட்டு, அடிப்பக்கம் அழுகிப்போய் வந்தது. "சவாரி நேரம் அண்ணாச்சி, ரெண்டே நாளு" என்று ரத்னாபாய் தலைமாட்டிலேயே நின்றாள். வெல்டு வைக்க நாலு நாள் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். முடியாது என்று சொல்ல அவன் வாய்க்கு வராது. அழுகியதை வெட்டி எறிந்துவிட்டு, தேங்காய் எண்ணெய் டின்னில் ஒரு துண்டு வெட்டி வைத்து, ஓரத்தை ஈயத்தால் ஒட்டி, இழைத்து, பெயின்ட் அடித்துவிட்டான். டின்னும் இரும்புத் தகரம்தானே. காந்தம் கச்சென்று ஒட்டியது. அவளும் சந்தோஷமாகப் போனாள். அந்த ஈயம் அடுப்பில் ஓடிவிடும். டின் கழன்று விழும், கதவும் கோணும்.

ஊரையெல்லாம் ஏசின வாய், ஏச வேண்டிய ஒருத்தனை மூன்று வருஷமாக விட்டுவைத்திருந்தது. "லேய் தங்கையா, நீயெல்லாம் ஒரு மேஸ்திரியா?" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே பாப்பனங்கோட்டுக்கு பஸ் ஏறினான்.

பட்டறையில் முதல் வேலையாக முன்கதவின் வெளிப்பக்கப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, அடுப்பு வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள். முதலாளி நீலகண்டன் முன்கதவின் அடியில் குனிந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன, சுத்தி வர சாம்பக் கோடு? ஈயமா? ஈயம்னா அடுப்புல நிக்காது கேட்டோ."

"ஈயமா?" ரத்னாபாய் சீறினாள். "ஆரு செஞ்ச வேலைன்னு தெரியுமா? கரமனைத் தங்கையன் அண்ணாச்சி! ஈயம் வச்சு ஏமாத்துற ஆளில்ல!" பைக்குள்ளிருந்து காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தாள். கச்சென்று ஒட்டியது. "பாத்தீரா? இனி அவரப் பத்தி ஒரு வார்த்த பேசப்பிடாது!"

தங்கையன் வாசலில் நின்று இதைக் கேட்டான். யாராவது திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பான். இதற்கு என்ன சொல்வது?

"நிறுத்தும் வே!" என்று கத்திக்கொண்டு உள்ளே போனான். ஓரமாகக் கிடந்த ப்ளோ லாம்பைக் கொளுத்தி, யாரையும் பார்க்காமல் அந்தச் சாம்பல் கோட்டில் பிடித்தான். ஈயம் பளபளத்துச் சொட்டியது. துண்டு கழன்று, காந்தத்தோடு சிமெண்டுத் தரையில் விழுந்து புரண்டது. உள்பக்கம் மேலே தெரிந்தது. பச்சைத் தென்னை மரம். அதன் கீழே மலையாளத்தில் 'வெளிச்செ' என்று தேங்காய் எண்ணெய்ப் பெயரில் பாதி. கதவில் ஒரு கை நுழையும் ஓட்டை.

"இதாம் ஒன் தங்கையன் அண்ணாச்சி" என்றான். "ரெண்டு நாள்ல முடியாதுன்னு சொல்ல வெக்கப்பட்ட பய."

ரத்னாபாய் குனிந்து அந்தத் துண்டைப் பார்த்தாள்.

"விழிஞ்ஞத்துல ஒரு டாக்ஸி விடாம ஒங்ககிட்ட அனுப்பினேனே அண்ணாச்சி! இந்தக் காந்தத்தச் சொல்லிச் சொல்லித்தானே அனுப்பினேன்! அவனெல்லாம் என் மூஞ்சியில துப்ப மாட்டானா?"

"துப்பட்டும். எம் மூஞ்சியிலயும் துப்பட்டும். அந்த வண்டியெல்லாம் நல்ல வேலதான். இது ஒண்ணுதான்…"

"இது ஒண்ணுன்னு நான் எப்படி நம்ப?"

காந்தத்தைக் காட்டலாம் என்று அவன் கை தன்னால் தரையை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

ரத்னாபாய் ஒரு கட்டில் சட்டத்தை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "முதலாளி, இவருக்குப் புதுத் தகரம் குடும். வெல்டு வைக்கட்டும். நான் இங்கயே இருந்து பாக்கப்போறேன்."

தங்கையன் சுத்தியலை எடுத்தான். நாலு நாள் வேலை. நாலு நாளும் அவள் வந்து உட்கார்ந்தாள். ஒரு தடவைகூட சீக்கிரம் என்று சொல்லவில்லை, அண்ணாச்சி என்றும் கூப்பிடவில்லை.