புது மெஷினும் பக்கத்து சீட்டும்

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வயது நாற்பத்தாறு. நின்றுகொண்டு வருகிற பயணி ஒருவர்கூடத் தள்ளாடாதபடி வண்டியை நிறுத்துவாள் என்பதால் டெப்போவில் அவளுக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது.

வாரமெல்லாம் பஸ் ஓட்டுகிறவள், சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் டிவி முன்னால் உட்கார்ந்து லாரி ஓட்டுவாள். கேம் மெஷினில்தான். மலைப்பாதையில் இருவர் சேர்ந்து சரக்கு கொண்டுபோகிற விளையாட்டு அது. ஒருவர் ஓட்ட வேண்டும். பக்கத்து சீட்டில் இருப்பவர் வழி சொல்ல வேண்டும், சரக்கு சரிந்தால் இறங்கிக் கயிறு கட்ட வேண்டும். ஓட்டுவது அவள். பக்கத்து சீட்டில் அவள் தம்பி. அவன் இருப்பது விமானம் ஏறிப் போக வேண்டிய தூரத்தில், ஒரு மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளன்.

“வேலையும் வண்டி, விளையாட்டும் வண்டி. நீ ஸ்டியரிங்கோடயே பொறந்தவ,” என்பார் கணவர். அவர் பல்செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை.

“நீங்க மட்டும் என்னவாம்? கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையோட பல்லைத்தானே பாக்குறீங்க,” என்பாள் அவள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் போனில் பேச வராது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே மழையா, இல்லை. அதற்குமேல் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். லாரியில் ஏறிவிட்டால் கதை வேறு. கண் பாதையில் இருக்கும், கை கன்ட்ரோலரில் இருக்கும், வாய் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். ஒருமுறை தொங்குபாலத்தில் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டிருந்தபோது தம்பி ஹெட்போனில், “லெஃப்ட் எடுக்கா. மெதுவா, மெதுவா. அவ போயிட்டாக்கா. போன மாசமே போயிட்டா,” என்றான். அவனை விட்டுப் பிரிந்து போய்விட்ட மனைவியைத்தான் சொன்னான். அக்கா வண்டியை நிறுத்தவில்லை. “ம், சொல்லு,” என்றாள். பாலம் தாண்டி, அடுத்த மலையும் தாண்டி, அவன் சொல்லி முடிக்கும்வரை ஓட்டினாள். நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தால் அவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான். அவளும் அவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் இருந்திருக்க மாட்டாள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குத்தான் ஒரு சிக்கல் வந்தது. விளையாட்டின் அடுத்த பாகம் வருகிறது, அது புதிதாக வரப்போகும் மெஷினில் மட்டும்தான் ஓடும் என்று அறிவித்தார்கள். தம்பி அன்றைக்கே முன்பதிவு செய்துவிட்டான்.

“நீயும் புக் பண்ணிடுக்கா. வர்ற அன்னிக்கே கைக்கு வந்துடும்.”

“பாக்கலாம்டா.”

“பாக்கலாம்னா?”

“பாக்கலாம்னா பாக்கலாம்.”

அவளுக்கே தன் மனசு பிடிபடவில்லை. விலை ஒரு பக்கம் உறுத்தியது. ஆனால் முழுக் காரணம் அதுவல்ல. சமாளிக்க முடியாத செலவு என்று கணவரும் சொல்லவில்லை. வந்தவுடனே வாங்குகிறவன் தலையில்தான் எல்லாக் கோளாறும் விடியும், அரை வருஷம் பொறு என்றார் டெப்போ மெக்கானிக். அதுவும் நியாயம்தான். ஆனால் அந்த அரை வருஷம் தம்பியின் பக்கத்தில் யார் இருப்பார்கள்? டிரிப் முடிந்து டீ குடிக்கும்போதெல்லாம் இதே யோசனை. ஒரு நாள் வாங்கிவிட வேண்டும் என்று எழுந்திருப்பாள். பிற்பகல் ஷிப்ட் முடிவதற்குள் வேண்டாம் என்று ஆகிவிடும்.

மெஷின் விற்பனைக்கு வந்த நாளில் அவளுக்கு வார விடுமுறை. போய்ப் பார்த்துவிட்டாவது வருவோம் என்று கடைக்குக் கிளம்பினாள். வாசலுக்கு வெளியேயும் வரிசை நீண்டிருந்தது. வரிசையில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளுடைய பஸ்ஸில் மாணவர் பாஸ் காட்டுகிற வயசு. உள்ளே, ஆடிப்பார்ப்பதற்கென்று பெரிய டிவியோடு ஒரு மெஷினை வைத்திருந்தார்கள்.

“பையனுக்கா மேடம்?” என்றாள் கடைப்பெண்.

“எனக்குத்தாம்மா.”

கடைப்பெண் சட்டென்று இன்னும் மரியாதையாகிவிட்டாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தாள். லாரி விளையாட்டின் புதுப் பாகமே ஓடியது. என்ன ஒரு படம்! கண்ணாடியில் மழைத்துளி விழுந்து, காற்றில் மேலேறி, வைப்பர் தள்ள ஓரமாக ஒதுங்கியது. எதிரே வந்த வண்டியின் விளக்கு ஈரச் சாலையில் நீளமாகக் கலங்கியது. அவள் கண் தானாக வலப்பக்கக் கண்ணாடிக்குப் போனது. ஒரு வளைவில் யாரோ குறுக்கே வந்தார்கள். அவளுடைய வலது கால் கடையின் தரையை ஓங்கி மிதித்தது.

கன்ட்ரோலரைக் கீழே வைத்தபோது தோள்பட்டை இறுகியிருந்தது. எட்டு மணிநேரம் ஓட்டி இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. பழைய விளையாட்டில் லாரி தீப்பெட்டி மாதிரி இருக்கும். மரமெல்லாம் பச்சை உருண்டை. பள்ளத்தில் விழுந்தால் வண்டி பந்து மாதிரி குதித்து எழுந்துவிடும். அதனால்தான் அது ஓய்வாக இருந்திருக்கிறது என்பது அங்கே நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“பிடிச்சிருக்கா மேடம்?”

“ரொம்ப நல்லா இருக்கும்மா. அதான் பயமா இருக்கு,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இப்போதைக்கு வாங்கப்போவதில்லை என்று அன்று சாயங்காலமே தம்பியிடம் சொன்னாள். அவன், “சரிக்கா, பரவால்ல. மெதுவா வாங்கிக்கோ,” என்றான். குரலில் வருத்தமில்லை. அதுதான் அவளுக்கு வருத்தமாக இருந்தது. புதுப் பாகத்தில் நான்கு பேர் கொண்ட குழுவாக ஓட்டலாம், யாரோடும் சேரலாம். அவன் சேர்ந்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை மதியம் சும்மா கிடந்தது. தம்பி ஒருவாரம் பழைய மெஷினுக்கு வந்தான். மறுவாரம், “குழுல கூப்புடுறாங்கக்கா,” என்றான். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். தனியாக ஓட்டிப் பார்த்தாள். சரக்கு சரிந்தது, கட்ட ஆளில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணவர் வேலையைப் போட்டுவிட்டு வந்து இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தார். வழி சொல்லத் தெரியவில்லை. ஆனால் கயிறு கட்ட இறங்கினார் என்றால் ஒவ்வொரு முடிச்சும் ஒரே வரிசையில் வரும்வரை ஏற மறுத்தார்.

“ஏங்க, அது பல்செட் இல்ல. சரக்கு.”

“கோணலா இருக்கு. கண்ணு உறுத்துது.”

அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆனாலும் அவர் ஒருமுறை சொன்னார்: “அவன் பேசலன்னா நீ பேசேன். போன் என்ன கடிச்சா வெக்கும்?”

பேசினாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே மழையா. வைத்துவிட்டாள். மறுவாரமும் பேசினாள். அன்று அந்தப் பக்கம் ஏதோ தடதடவென்று சத்தம் கேட்டது.

“என்னடா பண்ற?”

“துணி தேய்க்கிறேன்க்கா. ஒரு மூட்டை இருக்கு.”

“சரி, தேய். நானும் இங்க யூனிபார்ம் பட்டன் தைக்கணும்.” போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். கொஞ்ச நேரம் இருவரும் தங்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். மூன்றாவது பட்டனில் அவன் ஆரம்பித்தான்.

“அக்கா, எங்க குழுல ஒருத்தங்க இருக்காங்க.”

“ம்.”

“ஸ்கூல்ல கணக்கு டீச்சர். என் வண்டியை அவங்கதான் ஓட்டுவாங்க. பேசிப் பேசி... போன ஞாயித்துக்கெழமை நேர்ல பார்த்தோம்.”

அவள் பட்டனைச் சுற்றி நூலை இறுக்கிக் கடித்து அறுத்தாள். தான் அன்றைக்கே வாங்கியிருந்தால் அந்தச் சீட்டில் வேறு யாருக்கும் இடம் இருந்திருக்காது என்று தோன்றியது. தன் இடம் போனது வலிக்கவும் செய்தது, இல்லை என்று பொய் சொல்ல முடியாது.

“எப்படி ஓட்டுறாங்க?” என்றாள்.

“வேகம்தான். வாரத்துக்கு ரெண்டு தடவையாவது பள்ளத்துல இறக்கிடுவாங்க.”

“நீ கத்துவியா?”

“இல்லக்கா. சிரிப்புதான் வருது.”

“அப்போ சரி. கூட்டிட்டு வா ஒருநாள், பாக்கலாம்.”

மறுவருஷம், தம்பியின் விவாகரத்து முடிந்ததும், அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகு ஏதோ ஒரு மழைநாளில், வரிசை எதுவும் இல்லாத கடைக்குள் நுழைந்து அவள் அந்த மெஷினை வாங்கினாள். கணவர் பெட்டியைத் தூக்கிவந்தார். நான்கு பேர் குழுவில் இப்போது அவளும் இருக்கிறாள். ஓட்டுவது டீச்சர், இவள் லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து சரக்கைப் பார்த்துக்கொள்கிறாள். ஓட்டச் சொல்லித் தம்பி பலமுறை கூப்பிட்டுவிட்டான். வேண்டாம், எனக்கு இதுதான் வசதி, வேடிக்கை பார்த்துக்கொண்டு வரலாம் என்கிறாள்.