டிரா என்றே சொல்பவர்

தேர்வாய் கண்டிகைக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டு அவருடையது. தகடு வெட்டும் பிரஸ் செக்ஷனில் கான்ட்ராக்ட் ஆள். நரைத்த மீசை, வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது.

சனிக்கிழமை காலையில் ஃபோனை என்னிடம் நீட்டுவார். அதில் இங்கிலாந்தின் ஏதோ சின்ன ஊர் ஃபுட்பால் டீம் அன்று ஜெயிக்குமா என்று ஆங்கிலத்தில் அலசியிருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவள் நான். பஸ் முழுக்கக் கேட்கும்படி வாசித்து அர்த்தம் சொல்வேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டிரா" என்பார். எந்த மேட்ச்சுக்கும் அதே பதில்தான்.

"ஊட்ல சண்டைன்னாலும் டிராதானா நைனா?" என்று பின்னாலிருந்து கிண்டல் வரும்.

ஒரு சனிக்கிழமை, ஆபீசில் காதில் விழுந்ததை அவரிடம் மெல்லச் சொன்னேன். "அண்ணா, உங்க செக்ஷன மூடப் போறாங்க."

"தெரியும்மா. மெஷின தூக்கறதுக்கு அளவெடுத்துக்கினு போனானுங்கோ. நீ மேட்ச்ச படி."

படித்தேன். கடைசி இடத்தில் இருக்கும் டீம். அன்று தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள்.

"தோத்துடுவானுங்கோ," என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு கேட்டார்: "எறக்கி உட்டா, அங்க ஆட உடுவாங்களா?"

"விடுவாங்கண்ணா."

"அப்ப இன்னா, குடுத்து வெச்சவனுங்கோ."

அந்த டீம் தோற்றது. திங்கட்கிழமை முதல் பிரஸ் செக்ஷன் ஆட்களை ஏற்ற வேண்டாம் என்று டிரைவருக்கு உத்தரவு. அன்று காலை அவர் வழக்கமாக ஏறும் கவரைப்பேட்டை ஸ்டாப்பில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். பஸ் நிற்காமல் போனது. அவர் கையைக்கூட நீட்டவில்லை. எல்லாம் தெரிந்தவர் அன்று ஏன் வந்து நின்றார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.