எக்ஸ்ரே படித்த பிள்ளை

கொட்டகலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தனுஜாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் ‘எக்ஸ்ரே படிச்ச புள்ள’. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துத் திரும்பிய புதிதில், அங்கே என்னதான் செய்தாய் என்று கேட்ட பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் செல்லசாமியிடம், “பளிங்குக்குள்ள எக்ஸ்ரே அனுப்பி அளக்கிறது, மாமா” என்று சொல்லித் தொலைத்தாள். மறுநாளே அவர் தன் இடுப்புப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“இது வேற எக்ஸ்ரே மாமா.”

“எந்த எக்ஸ்ரேயா இருந்தா என்னா, பாத்து சொல்லு.”

அவளும் பொறுமையாகத்தான் விளக்கினாள். அணுக்களைக் கண்ணால் பார்த்து அளவுகோல் வைக்க முடியாது. அதனால் ஒரு பொருளைக் கற்கண்டு போலப் பளிங்காக விளையவைத்து, அதற்குள் எக்ஸ்ரே கதிரைச் செலுத்துவார்கள். கதிர் சிதறி மறுபக்கம் புள்ளி புள்ளியாக விழும். எந்தப் புள்ளி எங்கே, எவ்வளவு பிரகாசம் என்று கணக்குப் போட்டால், எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது, பக்கத்து அணுவுக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் வந்துவிடும். ஒரு தலைமயிரின் குறுக்கே லட்சக்கணக்கில் அடுக்கலாம், அவ்வளவு சின்னத் தூரம். நமக்குப் பிடித்த விடை வரவில்லை என்று ஒரு புள்ளியைக்கூட ஒதுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் செல்லசாமி, “அப்ப இடுப்பு?” என்றார்.

அது சிரித்துக்கொண்டிருந்த காலம். அப்புறம் கொழும்பில், அப்படி அளக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அதற்கு முந்திய வாரம் அம்மா நாகலெட்சுமி கொழுந்து பறிக்கும் மலையில் வழுக்கி விழுந்தாள்.

அந்தத் தோட்டத்தில் லயம் எனப்படும் வரிசைவீட்டுக் காம்பிராவில் குடியிருக்க வேண்டுமானால், குடும்பத்தில் ஒருவராவது பேர் பதிந்து மலைக்குப் போக வேண்டும். அப்பா இல்லை. அம்மாவின் பெயர் மட்டும்தான் இருந்தது. விழுந்த மறுநாளே வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு வாசலில் வந்து நின்றார். நலம் விசாரிக்க வந்தாராம். “நாகலெட்சுமி எழும்பலன்னா மக பேரு குடுக்கட்டும். இல்லாட்டி காம்பிராவுக்கு வேற ஆளு இருக்கு” என்று நலம் விசாரித்துவிட்டுப் போனார். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து உழைத்தும் நாலு சுவர் சொந்தமில்லையே என்று தனுஜாவுக்கு வயிறு எரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு அம்மா பிடிவாதமாகத் தனியாகப் போய், முழங்கால் படத்தோடு திரும்பினாள்.

“டாக்டரு சிங்களத்துல மளமளன்னு சொன்னாரு, ஒண்ணும் வெளங்கல. நீதான் எக்ஸ்ரே படிச்சவளாச்சே, பாரு. திங்கக்கெழம மலைக்குப் போகலாமா?”

தனுஜா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் டாக்டர் இல்லை. ஆனால் படத்தில் இரண்டு முழங்கால்களும் இருந்தன. இடது காலில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி தெரிந்தது. வலது காலில் அது இல்லை. விழுந்ததில் வந்த வினையல்ல, ஆண்டுக்கணக்காக மலை ஏறி இறங்கித் தேய்ந்தது. ‘போகலாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கொழும்பு பஸ்ஸில் ஏறிவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

“முடியாதும்மா. எலும்போட எலும்பு ஒரசுது. இனிமே நீங்க மலை ஏறவே கூடாது.”

அம்மா படத்தை வெடுக்கென்று பறித்தாள்.

“அதத்தான் டாக்டரும் சொன்னாரு. எனக்கா சிங்களம் வெளங்காது? போகலாம்னு நீ சொல்லியிருந்தா, எம்மகளே பாத்து சொல்லிருச்சுன்னு ஊரு வாய அடைச்சிட்டு நொண்டிக்கிட்டாவது போயிருப்பேன். நீயும் போய்ச் சேந்திருப்ப. ஒரு பொய் சொல்ல வரலியேடி ஒனக்கு!”

தனுஜா அன்று முழுவதும் அழுதாள். அம்மா தேற்றவில்லை.

திங்கட்கிழமை காலை, வேலையாட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் புறப்பட, தனுஜா அம்மாவின் கொழுந்துக் கூடையை எடுத்து அதன் கயிற்றைத் தலையில் மாட்டினாள். கயிறு அவளுக்கு நீளமாக இருந்தது. கூடை இடுப்புக்குக் கீழே இறங்கி இடித்தது. அம்மா சுவரைப் பிடித்து எழுந்து வந்தாள். முடிச்சை அவிழ்த்து, மகளின் நெற்றியிலிருந்து முதுகுவரை கயிற்றை வைத்துப் பார்த்து, சரியான அளவில் இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.