இடது சக்கரங்களில் மட்டும் காற்று இறங்கியது ஏன்? காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை

வெள்ளிக்கிழமை விஜயவாடாவில் உள்ள மகள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்; ஏறக்குறைய 440 கிலோமீட்டர். பதினான்கு வயதான எங்கள் காரிலேயே போக எனக்கு ஆசை. என் மனைவி வசந்தா நிபந்தனை போட்டாள். "நாலு நாள் காத்து நிக்கட்டும், ஏறுறேன். இல்லன்னா ரயில்ல போவோம். வந்ததும் வண்டியை வித்துடுங்க." அதனால்தான் திங்கட்கிழமை எண்ணூரில் உள்ள டயர் கடைக்கு இந்தக் குட்டிப் பயணம்.

எங்களுடையவை அலாய் சக்கரங்கள். முன் இடதில் காற்று 33 பிஎஸ்ஐ அடித்தால் நான்காம் நாள் 26. பின் இடதில் 29. வலப்பக்கம் இரண்டும் அசையவில்லை. தினமும் நோட்டில் குறித்தேன், வாத்தியார் பழக்கம். இரண்டு பஞ்சர் கடைகளில் டயரில் ஆணி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

காலை 9.40க்குக் காலடிப்பேட்டையை விட்டோம். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எட்டு கிலோமீட்டருக்கு 35 நிமிடம். நடந்திருந்தால் முன்னாடியே சேர்ந்திருப்போம் என்றாள் வசந்தா.

லாரி டயர் கடைக்காரர் தேவராஜ் இடது சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, முழுசாகத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். டயர் ரிம்மில் உட்காரும் உள்விளிம்பிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள். டயரைப் பிரித்தால் விளிம்பெல்லாம் வெள்ளைப் பொருக்கு. டிபன் டப்பா விளிம்பில் ஒரு பருக்கை ஒட்டினால் மூடி சரியாக உட்காராமல் ரசம் கசியுமே, அதே கதைதான்.

"இன்னா சார், கடல்லயா வண்டி ஓட்டிக்கினு கீற?"

வசந்தா போட்டுக் கொடுத்தாள். ஞாயிறுதோறும் காசிமேட்டில் மீன் வாங்குவேன். மீன் வேன்களின் ஐஸ் தண்ணீர் ஓடும் ஓரத்தில்தான் காரை நிறுத்துவேன். அந்த உப்புத் தண்ணீரில் இடது சக்கரங்கள் மட்டும் ஒரு மணி நேரம் நிற்கும்; உப்பு அரித்து வந்ததுதான் அந்தப் பொருக்கு. அங்கே எப்போதும் இடம் கிடைக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

தேவராஜ் சிரித்தார். "அத்தினி வண்டி வர்ற எடத்துல அது மட்டும் காலியா கீதுன்னா, ஏன்னு யோசிக்க மாட்டியா சார்?"

கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பொருக்கைத் தேய்த்து எடுத்தார், பிறகு விளிம்பில் ரப்பர் பசை. மறுபடி தொட்டியில் இறக்கியபோது முன் சக்கரத்தில் இன்னும் ஒரு குமிழி. அதை முதலில் பார்த்தது வசந்தாதான். வால்வின் அடி ரப்பர் வெடித்திருந்தது. இரண்டு வால்வுகளையும் மாற்றினார். மூன்றாவது முறை தண்ணீர் அசையவில்லை. சக்கரத்துக்கு 500 வீதம் மொத்தம் 1,000 ரூபாய். இரண்டு மணி நேரம்.

உங்கள் வண்டியிலும் ஆணி இல்லாமல் காற்று இறங்கினால், டயரின் மேற்பரப்போடு நின்றுவிடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்விளிம்பும் வால்வும் முக்கியம். ரிம்மில் விரிசல் தெரிந்தால் பசையை நம்பாமல் ரிம்மையே மாற்றுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை சக்கரங்களை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நான் வண்டியின் வயதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு, அதை அங்கே நிறுத்தியவன் மேல்.

வெள்ளி அதிகாலை ஐந்து மணிக்குக் காற்றுமானியை என் கையிலிருந்து வாங்கி வசந்தாவே அளந்தாள். முன்னால் 33, பின்னால் 33. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள். பிறகு பையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"இனிமே மீனுக்கு ஷேர் ஆட்டோல போங்க" என்றாள்.